இருபதடியா, நாற்பதடியா? கன்டெய்னரை முன்பதிவு செய்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஆனைமலைப் பக்கம் தென்னை நார்க்கழிவைக் கட்டிகளாக அழுத்தி விற்கும் நண்பர் ஒருவர், முதல் ஏற்றுமதி ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நாற்பதடி கன்டெய்னராகவே எடுத்துவிடட்டுமா? இரண்டு இருபதடிக்குக் கொடுக்கும் வாடகையைவிட ஒரு நாற்பதடிக்குக் குறைவு என்கிறார்கள்" என்றார். ஆமாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். வாடகையைப் பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் நான் திரும்பக் கேட்டது மூன்று கேள்விகள். ஒரு கனமீட்டர் சரக்கு எத்தனை கிலோ இருக்கிறது? உங்கள் களத்துக்குள் ட்ரெய்லர் வந்து திரும்ப முடியுமா? சரக்கு கடைசியாகப் போய் இறங்கும் ஊர் எது? மூன்றுக்கும் அவரிடம் உடனே பதில் இல்லை. பல ஆண்டுகளாக இந்தத் தொழில் செய்பவர்களிடம்கூட மூன்றாவது கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் நாங்கள் கன்டெய்னரைப் பெரும்பாலும் 'பெட்டி' என்றுதான் சொல்வோம். அந்தப் பெட்டி லாரியில் ஏறும், ரயில் வேகனில் ஏறும், கப்பலில் ஏறும். பெட்டி ஒன்றுதான், ஆனால் அதை மூன்று வழிகளும் மூன்று விதமாக அளக்கின்றன. கப்பல் அது அடைக்கும் இடத்தை எண்ணுகிறது. சாலை ஒவ்வோர் அச்சின் மேலும் விழும் எடையை எண்ணுகிறது. ரயில் வேகனின் நீளத்தையும் எடையையும் சேர்த்தே பார்க்கிறது. கப்பல் நிறுவனத்தின் விலைப்பட்டியலை மட்டும் வைத்து நீளத்தைத் தேர்ந்தெடுப்பவர், மூன்றில் ஒரு வழியை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்.

மூன்று அங்குல இடைவெளி

நீளத்தின் கதை சாலையிலிருந்துதான் தொடங்கியது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. அதை ஏற்பாடு செய்த மால்கம் மெக்லீன் அடிப்படையில் லாரித் தொழில் நடத்தியவர். அவருடைய நிறுவனம் பின்னர் 35 அடிப் பெட்டிகளில் நிலைகொண்டதற்குக் காரணம், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் ட்ரெய்லருக்கு அனுமதித்த நீளம். மேற்குக் கரையிலிருந்து ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் நிறுவனம் 24 அடியைத் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கொரு நீளம் என்றிருந்த நிலை, 1960-களில் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வழியாக 10, 20, 30, 40 அடி என்ற வரிசைக்கு வந்தது. இன்று கடலில் செல்வாக்கோடு இருப்பவை இருபதும் நாற்பதும்தான்.

இருபதடிப் பெட்டி உண்மையில் இருபது அடி இல்லை. வெளிநீளம் 6.058 மீட்டர், அதாவது 19 அடி 10½ அங்குலம். நாற்பதடிப் பெட்டியோ சரியாக 12.192 மீட்டர். இரண்டு இருபதடிகளை வரிசையாக வைத்தால் நாற்பதைவிட 76 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்று அங்குலம், குறைவாக வரும். நாற்பதடி ட்ரெய்லர் ஒன்றில் இரண்டு இருபதடிகள் ஏறியிருக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நடுவில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். கீழே இரண்டு பெட்டிகளின் மூலை வார்ப்புகளையும் ட்விஸ்ட் லாக் என்ற திருகுப்பூட்டு பிடித்துக்கொண்டிருக்கும். கப்பலின் அறையிலும் வேகனிலும் நாற்பதடிக்கென்று ஒதுக்கிய இடத்தில் இரண்டு இருபதடிகள் உட்கார முடிவது இந்த இடுக்கால்தான்.

அகலம் இவை எல்லாவற்றுக்கும் எட்டு அடி. உயரம் சாதாரணப் பெட்டிக்கு எட்டரை அடி, ஹைகியூப் பெட்டிக்கு ஒன்பதரை அடி. உள்ளே சரக்குக்குக் கிடைக்கும் கொள்ளளவு இருபதடியில் ஏறத்தாழ 33 கனமீட்டர், சாதாரண நாற்பதடியில் 67, நாற்பதடி ஹைகியூப்பில் 76.

எடைக் கணக்கு வேறு விதமாக நடக்கிறது. நீளம் இரட்டிப்பானால் தாங்கும் எடையும் இரட்டிப்பாகும் என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். இருபதடிப் பெட்டியின் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 30,480 கிலோ. பெட்டியின் சொந்த எடை இரண்டேகால் டன்னைக் கழித்தால் சரக்குக்கு 28 டன் கிடைக்கும். நாற்பதடி ஹைகியூப்பின் வரம்பும் அதே 30,480 கிலோவாகவோ, பல பெட்டிகளில் 32,500 கிலோவாகவோ இருக்கிறது. அதன் சொந்த எடையோ நான்கு டன்னை நெருங்கும். மீதி இருபத்தாறரை முதல் இருபத்தெட்டரை டன் வரை. ஆக, பெரிய பெட்டியில் இடம்தான் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. எடை கிட்டத்தட்ட அதேதான்.

முதலில் தீர்வது இடமா, எடையா

ஆகவே முதல் கணக்கு ஒரு வகுத்தல்தான். அடுக்கி முடித்த நிலையில், சரக்கை அடுக்கும் தட்டுகளும் (பேலட்) இடைவெளிகளும் சேர்த்து, உங்கள் சரக்கு கனமீட்டருக்கு எத்தனை கிலோ? 350 கிலோவுக்குக் கீழ் என்றால் எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே ஹைகியூப்பின் இடம் தீர்ந்துவிடும். நாற்பதடி ஹைகியூப்தான் உங்களுக்கானது. 850-ஐ எட்டினால் இருபதடியிலேயே எடை தீர்ந்துவிடும். பெரிய பெட்டி எடுத்துக் காற்றை ஏற்றி அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் விழும் சரக்குக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கிரானைட்டில் விவாதத்துக்கே இடமில்லை. கனமீட்டருக்கு 2.7 டன் எடையுள்ள கல், பத்துக் கனமீட்டர் ஏற்றினாலே 27 டன். முப்பத்துமூன்று கனமீட்டர் இருபதடியிலேயே மூன்றில் இரண்டு பங்கு காலியாகக் கிடக்கும். வேறு சரக்குக்கு எடுத்த நாற்பதடி காலியாக இருக்கிறதே என்று அதில் கிரானைட் பலகைகளை நடுவில் அடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. நாற்பதடியின் தரை மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று டன் என்ற கணக்கில்தான் எடையை எதிர்பார்க்கிறது. குட்டையான சட்டங்களில் நிற்கும் கல் அத்தனை எடையையும் நடுவில் இரண்டு மூன்று மீட்டருக்குள் இறக்கினால், பெட்டியைக் கிரேன் தூக்கும்போது அடிச்சட்டம் தொய்ந்துபோகும்.

பின்னலாடை இதற்கு நேர் எதிர்முனை. திருப்பூர்ச் சரக்கில் எடை வரம்பைப் பற்றிக் கவலைப்பட்டவரை நான் பார்த்ததில்லை. அங்கே பேச்சு முழுவதும் அட்டைப்பெட்டியின் அளவைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அளவு நாடாவை எடுத்து ஒரு கணக்கைப் பார்ப்போம்.

அட்டைப்பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம். இருபதடியின் உள்நீளம் 5.90 மீட்டர். ஒன்பது வரிசை வைத்தால் 5.40 மீட்டர் போய்விடும். மீதி அரை மீட்டரில் பத்தாவது வரிசை நுழையாது. குறுக்காகத் திருப்பி 40 சென்டிமீட்டர்ப் பக்கத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். நாற்பதடியின் உள்நீளம் 12.03 மீட்டர். இருபது வரிசை சரியாக 12 மீட்டர். காகிதத்தில் மூன்று சென்டிமீட்டர் மிச்சம். ஆனால் துணி அடைத்த அட்டைப்பெட்டி புடைக்கும். வரிசைக்கு இரண்டு மில்லிமீட்டர் புடைத்தாலே மிச்சம் தீர்ந்து, கடைசி வரிசை கதவை மூட விடாது. 59 சென்டிமீட்டரில் அட்டைப்பெட்டியைச் செய்யச் சொல்லியிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

உயரத்தைப் பாருங்கள். சாதாரண நாற்பதடியின் உள்ளுயரம் 2.39 மீட்டர். 40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியை ஐந்து அடுக்கு வைக்கலாம். ஆறாவது அடுக்குக்கு 2.40 மீட்டர் வேண்டும். ஒரே ஒரு சென்டிமீட்டர் போதாமல் ஓர் அடுக்கு முழுவதும் போய்விடுகிறது. ஹைகியூப்பின் உள்ளுயரம் 2.69 மீட்டர் என்பதால் ஆறு அடுக்கும் தாராளமாக உட்காரும். கொள்ளளவில் இரண்டு பெட்டிகளுக்கும் வித்தியாசம் பதின்மூன்று சதவீதம்தான் என்று பட்டியல் சொல்லும். இந்த அட்டைப்பெட்டிக்கு உண்மையான வித்தியாசம் இருபது சதவீதம். கடல் வாடகையோ பெரும்பாலும் இரண்டு பெட்டிகளுக்கும் ஒன்றுதான். எடை குறைந்த சரக்குக்குச் சாதாரண நாற்பதடியைக் கேட்டு வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நடுவில் நிற்கும் சரக்கு

முந்திரிப் பருப்பை எடுத்துக்கொள்ளலாம். 22.68 கிலோ, அதாவது ஐம்பது பவுண்டு கொண்ட அட்டைப்பெட்டிகள் 700 சேர்ந்தால் ஓர் இருபதடி. நிகர எடை 15.88 டன். கனமீட்டருக்கு ஏறத்தாழ 480 கிலோ. நம் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் விழுகிறது.

நாற்பதடியில் இதை ஏற்றினால் இடம் மிஞ்சும்போதே எடை தீர்ந்துவிடும். அட்டையும் உறையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்து எண்பது அட்டைப்பெட்டிகளுக்கு மேல் ஏற்றுவது சிரமம். இருபதடியைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: நாற்பதடி வாடகையை இருபதடி வாடகையால் வகுத்தால் என்ன வருகிறது? 1.5-க்குக் கீழே வந்தால் நாற்பதடி லாபம். 1.6 வந்தால் இருபதடியே கிலோவுக்கு மலிவு. வாடகை வாரத்துக்கு வாரம் மாறும். உங்கள் சரக்கின் அந்த ஒன்றரை மடங்கு மாறாது. அதை ஒருமுறை கணக்கிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை விலைப்பட்டியல் வரும்போதும் முடிவெடுக்க அரை நிமிடம் போதும்.

முந்திரியில் இன்னொன்றும் இருக்கிறது. 700 அட்டைப்பெட்டி என்பதே அந்த வணிகத்தின் அலகு. ஒப்பந்தம் எழுதுவதும் வங்கி ஆவணம் தயாரிப்பதும் அந்த எண்ணிக்கையில்தான். விலையுயர்ந்த சரக்கு இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து போனால், ஒன்றில் ஓட்டை விழுந்து ஈரம் இறங்கினாலும் மற்றொன்று தப்பும். கணக்கில் நாற்பதடி சற்று முந்தினாலும் அங்கே நான் இருபதடிக்கே வாக்களிப்பேன்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த நீளமானாலும் காலிப் பெட்டி வந்து இறங்கியதும் உள்ளே போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். ஊசித்துளை இருந்தால்கூட வெயில் நட்சத்திரம்போல் தெரியும். நாற்பதடியில் கூரையின் நடுப்பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்; அவ்வளவு நீளமான கூரையின் நடுவில் சிறிய துரு ஓட்டை இருந்தால் கதவோரம் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது.

சாலை: முதல் மைலும் கடைசி மைலும்

2018-இல் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இழுக்கும் லாரியும் ட்ரெய்லரும் சேர்ந்த வண்டிக்கான மொத்த எடை உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாக ஆனது. அது அச்சுகள் அதிகமுள்ள வண்டிக்கான வரம்பு. அச்சு குறைந்தால் வரம்பும் குறையும். 55 டன்னில் வண்டியின் சொந்த எடை பதினான்கு பதினைந்து டன் போனால், பெட்டிக்கும் சரக்குக்கும் மிஞ்சுவது நாற்பது டன் அளவில்தான்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 'இரண்டு இருபதடி ஒரு நாற்பதடிக்குச் சமம்' என்பது எடை குறைந்த சரக்குக்கு மட்டும்தான் சாலையில் உண்மை. முந்திரி ஏற்றிய இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் இருபது டன்னுக்குள் இருப்பதால், அச்சு போதுமான ஒரே ட்ரெய்லரில் போகலாம். கிரானைட் ஏற்றிய இரண்டு பெட்டிகள் போக முடியாது. ஆளுக்கொரு வண்டி வேண்டும். டீசலும் சுங்கச்சாவடியும் ஓட்டுநர் படியும் இரண்டு மடங்கு. இருபதடியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கடல் வாடகைக் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது களத்துக்குள் நுழையும் பிரச்சினை. ஆனைமலைப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே போகும் வழிகளை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வேலி, திருப்பத்தில் ஒரு மின்கம்பம். நாற்பதடிப் பெட்டியோடு வரும் வண்டி முன்னே திரும்பினாலும் பின்சக்கரங்கள் வளைவை உள்வாங்கிக்கொண்டுதான் வரும். அப்படி ஒரு வளைவில் எங்கள் ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வண்டி உள்ளே போய்விடும். இருபத்தைந்து டன் ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது வாய்க்கால் கரை தாங்காது" என்றார். அவர் சொன்னதைக் கேட்டோம். சரக்கைச் சாதாரண லாரிகளில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்கு நிலையத்தில் நாற்பதடிக்குள் மாற்றினோம். இருமுறை ஏற்றி இறக்கிய கூலி போயிற்று. கட்டிகளில் சில ஓரம் உடைந்தன. அதற்காக இருபதடிக்கு மாறுவது தீர்வாகவும் இருக்கவில்லை. அழுத்திய நார்க்கட்டி இருபதடியில் பதினொரு டன்தான் கொள்ளும். நாற்பதடி ஹைகியூப்பில் இருபத்துநான்கு, இருபத்தைந்து டன் கொள்ளும். இரண்டு மடங்குக்கு மேல். எந்த வாடகை விகிதத்திலும் அங்கே ஹைகியூப் தோற்காது. சரிசெய்ய வேண்டியது வழியைத்தான்.

கடைசி மைல்தான் எனக்கு இன்றும் மனத்தை உறுத்தும் பாடம். சில ஆண்டுகளுக்கு முன் நார்க்கட்டி இருபத்தைந்து டன், ஒரு நாற்பதடி ஹைகியூப்பில், அமெரிக்காவின் உள்மாநிலம் ஒன்றுக்குப் போனது. பெட்டியின் வரம்புக்குள் இருந்தது. கப்பல் ஏற்றுக்கொண்டது. நம் சாலையிலும் சிக்கலில்லை. அங்கே துறைமுகத்தில் இறங்கிய பிறகு லாரிக்காரர் எடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு, அதாவது 36.3 டன்தான் பொது வரம்பு. வண்டியையும், பெட்டி உட்காரும் ட்ரெய்லர்ச் சட்டத்தையும், பெட்டியையும் கழித்தால் நாற்பதடியில் சரக்குக்கு 44,000 பவுண்டு, ஏறத்தாழ 20 டன்தான் வழக்கமாகக் கிடைக்கும். எங்கள் பெட்டி ஐந்து டன் கூடுதல். துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் பெட்டியைத் திறந்து, சரக்கை இரண்டாகப் பிரித்து, இரண்டு வண்டிகளில் அனுப்பினார்கள். கிடங்குச் செலவும், பெட்டியைத் தாமதமாகத் திருப்பியதற்கான கட்டணமும், இரண்டாவது வண்டி வாடகையும் சேர்ந்து அந்த ஏற்றுமதியாளரின் லாபத்தை முழுவதுமாகத் தின்றுவிட்டன. கிடங்குத் தரையில் நொறுங்கிக் கிடந்த கட்டிகளின் படத்தை வாங்குபவர் அனுப்பியிருந்தார். முன்பதிவு செய்த நாளில் ஒரு மின்னஞ்சலில் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்காமல் விட்டேன்.

இதே இருபத்தைந்து டன் நெதர்லாந்தின் பசுமைக்குடில்களுக்குப் போனால் ஒரு தடங்கலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, கப்பலிலிருந்தோ ரயிலிலிருந்தோ வரும் நாற்பது, நாற்பத்தைந்து அடிப் பெட்டிகளை ஏற்றிய ஆறச்சு வண்டிக்கு 44 டன் வரை அனுமதிக்கிறது. ஒரே சரக்கு, ஒரே பெட்டி, ஒரே கப்பல் நிறுவனம். இறங்கும் நாடு மாறியதும் ஏற்ற வேண்டிய எடை ஐந்து டன் மாறுகிறது. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது ஹைகியூப்பையே எடுத்து, இருபது டன்னுக்குள் நிறுத்தி, மிஞ்சும் இடத்தில் நார்ச்சட்டி, நார்விரிப்பு போன்ற எடை குறைந்த சரக்கைச் சேர்த்து விற்க முடிந்தால் அதுவே நல்ல வழி. இருபதடிக்கும் அங்கே தனிச் சிக்கல் உண்டு. குட்டையான பெட்டியின் எடை சில அச்சுகளின் மேல் குவிவதால், சாதாரணச் சட்டத்தில் பதினேழு டன் அளவோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் மூன்றச்சுச் சட்டம் தனியாகத் தேட வேண்டும். இருபத்தேழு டன் கல் அனுப்புபவர் இதை விலையில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நார்க்கழிவுக்காரர்களுக்கு இன்னொரு சொல். 2016 ஜூலை 1 முதல் எடை சரிபார்த்த சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுவதற்குமான விதி. மழைக்காலத்தில் கட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடையில் எடுத்த எடையை ஐப்பசியில் எழுதாதீர்கள். அந்தந்தப் பெட்டியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

ரயில்

எடை மிகுந்த இருபதடிக்கு நல்ல நண்பன் ரயில்தான். நம் ரயில்வேயில் பெருவழக்கில் உள்ள பி.எல்.சி. வகைத் தாழ்தள வேகன் ஏறத்தாழ 61 டன் சுமக்கும். 30.48 டன் பெட்டிகள் இரண்டைக் கூட்டிப் பாருங்கள்: 60.96. சாலையில் இரண்டு வண்டி கேட்ட கிரானைட் பெட்டிகள் ரயிலில் ஒரே வேகனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும். இப்படி 45 வேகன்கள் சேர்ந்தது ஒரு தொடர். இருபதடிக் கணக்கில் 90 பெட்டிகள்.

வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்தான். 2.9 மீட்டர் ஹைகியூப்பை அதில் வைத்தாலும் மொத்த உயரம் நான்கு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதே பெட்டி ஒன்றரை மீட்டர்த் தளமுள்ள ட்ரெய்லரில் ஏறினால் நான்கரை மீட்டரை நெருங்கும். ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் கம்பிகளும் பழைய ரயில் பாலங்களும் ஓட்டுநரின் கவலை.

ரயில்வே வசூலிக்கும் கட்டணம் எடை அடுக்குப்படி ஏறும். ஆகவே இருபதடியில் அரை டன் கூடுதலாக ஏற்றி அடுத்த அடுக்குக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கி ஓடும் ரயில்களைப் படங்களில் பார்த்துவிட்டு, நமக்கும் அந்தச் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். மின்கம்பியை ஏழரை மீட்டர் அளவுக்கு உயர்த்திப் போட்ட மேற்குச் சரக்குத் தடம் போன்ற, சரக்கு ரயிலுக்கென்றே போட்ட பாதைகளில்தான் மின்ரயில் அப்படி ஓட முடியும். தமிழ்நாட்டின் பாதைகளில் கம்பி அந்த உயரத்தில் இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். திருப்பூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ தூத்துக்குடி ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு, பெட்டியை நிலையம்வரை லாரியில் கொண்டுபோய் இறக்கி, தொடர் நிறையும்வரை காத்திருந்து, மறுபடி ஏற்றுவதற்குள் ட்ரெய்லர் துறைமுக வாசலில் நிற்கும். எடை மிகுந்த சரக்கும், நெடுந்தூரமும், அவசரமில்லாத தேதியும் சேர்ந்தால் ரயிலைக் கேளுங்கள். பின்னலாடைக்கு வேண்டாம்.

கடல்

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நாம் முடிவெடுப்பது குறைவு. கப்பலின் அறைகள் நாற்பதடி நீளத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை. இருபதடியின் இடங்களுக்கு ஒற்றைப்படை எண், நாற்பதடிக்கு இரட்டைப்படை எண். இரண்டு இருபதடிகளின் மேல் ஒரு நாற்பதடியை வைக்கலாம். நாற்பதடியின் மேல் இருபதடிகளை வைக்க முடியாது, நடுவில் தாங்குவதற்கு அதற்குத் தூண்கள் இல்லை. ஆகவே எடை மிகுந்த இருபதடிகள் கீழே போகும். கப்பலின் நிலைப்புக்கும் அது நல்லது. ஆனால் குறிப்பிட்ட எடையைத் தாண்டிய இருபதடிக்குப் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. கிரானைட்காரர்கள் விலை கேட்கும்போதே மொத்த எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தூத்துக்குடிப் பெட்டிகள் பல, சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. எத்தனை முறை மாறினாலும் கிரேனுக்கு இருபதும் நாற்பதும் ஒவ்வொரு தூக்குதான். துறைமுகக் கட்டணத்தில் நாற்பதடி பெரும்பாலும் இரண்டு இருபதடியைவிட மலிவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

நாற்பத்தைந்தும் அதற்கு மேலும்

45 அடிப் பெட்டியில் 86 கனமீட்டர் கிடைக்கும் என்று கேட்டதும் பின்னலாடைக்காரர்களுக்கு ஆசை வருகிறது. ஐரோப்பாவுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு அது மிக நல்ல பெட்டி. அங்குள்ள ட்ரெய்லர் நீளமான 13.6 மீட்டரோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால், அகலம் சற்றுக் கூட்டிச் செய்த 45 அடியில் 33 ஐரோப்பியத் தட்டுகள் உட்காரும். சாதாரண நாற்பதடியில் 25-தான். நமக்கோ கப்பலில் தளத்தின் மேல் சில இடங்களில்தான் அது நிற்கும். ரயிலில் அதற்கென்று நீளமான பி.எல்.எல். வகை வேகன் வேண்டும். காலிப் பெட்டி கேட்ட நாளில் கேட்ட இடத்தில் கிடைக்காது. பத்துக் கனமீட்டருக்காகக் கப்பலைத் தவறவிடும் அபாயத்தை ஏற்க நான் சொல்ல மாட்டேன்.

53 அடிப் பெட்டி வட அமெரிக்காவின் உள்நாட்டு ரயிலுக்கும் சாலைக்கும் உரியது. நாம் அனுப்பும் நாற்பதடிகள் மூன்றைத் துறைமுகத்துக்கு அருகில் திறந்து, இரண்டு 53 அடிகளுக்குள் மாற்றிக்கொள்வது அங்கே பெருவழக்கு. உங்கள் வாங்குபவர் அப்படிச் செய்கிறவரா என்று கேட்டு வையுங்கள். ஆம் என்றால், கைக்கு அடக்கமான, ஒரே அளவுள்ள அட்டைப்பெட்டிகளாக அனுப்பினால் அவருக்குக் கூலி மிச்சம். அதை உங்கள் விலையில் பேசலாம்.

45 என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டியின் கதவில் எண்ணுக்குக் கீழே '45ஜி1' என்று எழுதியிருந்தால் அது 45 அடி இல்லை. முதல் குறி நீளம், இரண்டாவது குறி உயரம். 4 என்றால் நாற்பதடி. 5 என்றால் ஒன்பதரை அடி உயரம். நாற்பதடி ஹைகியூப்புக்குத்தான் 45ஜி1. சாதாரண இருபதடி 22ஜி1, சாதாரண நாற்பதடி 42ஜி1. உண்மையான 45 அடி, எல் என்ற எழுத்தில் தொடங்கும். இதைப் படிக்கத் தெரியாமல் சரியான பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கப்பலுக்கான கடைசி நேரத்தைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதே கதவில் மொத்த வரம்பும் சொந்த எடையும் எழுதியிருக்கும். உங்கள் பெட்டி 30,480-ஆ 32,500-ஆ என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆனைமலை நண்பர் இரண்டு நாள் கழித்து மூன்று பதில்களோடும் அழைத்தார். தட்டுகளில் அடுக்கி அளந்ததில் கனமீட்டருக்கு 320 கிலோ. முதல் சரக்கு ராட்டர்டாமுக்கு, அடுத்தது அமெரிக்காவின் ஓஹியோவுக்கு. இரண்டுக்கும் நாற்பதடி ஹைகியூப் என்று முடிவு செய்தோம். முதலாவதில் இருபத்துநான்கு டன், இரண்டாவதில் பத்தொன்பதரை டன்னோடு நிறுத்தி மீதியில் நார்ச்சட்டிகள். ட்ரெய்லர் உள்ளே வருமா என்று கேட்டேன். "வாசலின் இடது தூணை நாலடி தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டேன் அண்ணா. கொத்தனார் நாளைக்கு வருகிறார்" என்றார்.